போர்ட் வழியாகக் கான்ட்ராஸ்ட்: ஸ்கேன் துறைகளுக்கும் போர்ட் பொருத்தும் மருத்துவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ரேடியாலஜி துறைத் தலைவர்களுக்கும், ஸ்கேன் மையங்களை நடத்துவோருக்கும், போர்ட் பொருத்தும் மருத்துவர்களுக்கும், கீமோ பிரிவுகளின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

உறுப்புகள் படத்தில் தெளிவாகத் தெரிவதற்காகச் சிரைக்குள் செலுத்தும் திரவம்தான் கான்ட்ராஸ்ட். அதைச் செலுத்தி எடுக்கும் சி.டி.க்காக ஒருவர் மேசையில் படுத்திருக்கிறார். பல சுற்றுக் கீமோவில் கைச் சிரைகள் தடித்து இறுகிவிட்டன. ஒரு பக்கம் மார்பக அறுவையோடு அக்குள் நிணநீர் முடிச்சுகளும் எடுக்கப்பட்டதால், அந்தக் கையில் ஊசி குத்த வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் ஒரு போர்ட், அதாவது சிரைக்குள் மருந்து செலுத்தப் பொருத்திய சிறு சாதனம், இருக்கிறது. இந்த இடத்தில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. "போர்ட்டைத் தொட மாட்டோம்" என்று சொல்லிவிட்டு, எஞ்சிய ஒரே கையில் நான்கைந்து இடங்களில் குத்திப் பார்ப்பது ஒன்று. ஊசிதான் ஏற்கெனவே போர்ட்டில் இருக்கிறதே என்று, அது எந்த வகைப் போர்ட், எந்த வகை ஊசி என்று பாராமல், கான்ட்ராஸ்ட்டை விசையோடு தள்ளும் இயந்திரமான பவர் இன்ஜெக்டரை இணைத்துவிடுவது இன்னொன்று. முதலாவது நோயாளியை வதைக்கிறது. இரண்டாவது போர்ட்டையே உடைக்கக்கூடும். எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டும் ஒரே குறையில் பிறந்தவை: தோலுக்கடியில் என்ன இருக்கிறது என்ற தகவல், தேவைப்படும் நேரத்தில் ஸ்கேன் அறையில் இல்லை.

அந்தத் தகவல் அங்கே வந்து சேர வேண்டும், வந்த பிறகு அதை வைத்து என்ன செய்ய வேண்டும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். இதைக் கேட்கத்தான் எழுதுகிறோம்.

போர்ட் என்பது டைட்டேனியத்தாலோ உறுதியான பிளாஸ்டிக்காலோ ஆன சிறு கிண்ணம். மேலே தடித்த சிலிகோன் மூடி. பக்கவாட்டில் இருக்கும் சிறு தண்டில் கதீட்டர் என்னும் மெல்லிய குழாய் இணைக்கப்பட்டு, கழுத்துச் சிரை வழியாகவோ காறை எலும்புக்குக் கீழுள்ள சிரை வழியாகவோ சென்று, மேற்பெருஞ்சிரை இதயத்தின் வலது மேலறையைச் சந்திக்கும் இடத்தருகே முடிகிறது. முழுவதும் தோலுக்கடியில் இருக்கும் இத்தகைய போர்ட்டுகள் 1980களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்தவை. அவை கீமோ மருந்துகளுக்காகவும், ரத்தம் ஏற்றவும் எடுக்கவும் உருவானவை. விசையோடு கான்ட்ராஸ்ட் செலுத்துவது அன்று யாருடைய கணக்கிலும் இல்லை. அதைத் தாங்கும் பவர் வகைப் போர்ட்டுகள் பிற்பாடு வந்தன. தோலுக்கு மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி ஒரு புடைப்புதான்.

அழுத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இது புரியாத இடத்தில்தான் மற்றத் தவறுகள் எல்லாம் நுழைகின்றன.

இன்ஜெக்டரின் வரம்பை 300 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) என்று வைக்கிறோம். கார் டயரில் இருப்பது முப்பது, முப்பத்தைந்து பி.எஸ்.ஐ. அதைப்போல ஏறத்தாழப் பத்து மடங்கு. பவர் வகையல்லாத போர்ட்டுகளின் கையேடுகளிலோ 25 பி.எஸ்.ஐ. போன்ற வரம்புகளைக் காணலாம். இந்த இடைவெளியில்தான் கதீட்டர்கள் வெடித்தன. பவர் இன்ஜெக்டரால் சிரைவழிச் சாதனங்கள் உடைந்ததாக 250க்கும் மேற்பட்ட அறிக்கைகள் வந்திருப்பதாகச் சொல்லி, 2004இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மருத்துவமனைகளுக்கு எச்சரிக்கை விடுத்தது. சி.டி.யோடு எம்.ஆர்.ஐ.யும் அதில் அடக்கம்.

திரையில் காட்டும் அழுத்தம் இன்ஜெக்டர் பக்கத்து அழுத்தம். கான்ட்ராஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும்வரை அதில் பெரும்பகுதி இணைப்புக் குழாயிலும் ஊசியின் குறுகிய துளையிலும் செலவாகிவிடுகிறது; போர்ட்டின் கிண்ணத்துக்குள் சேர்வது அதைவிட மிகக் குறைவு. கதீட்டரின் முனையில் ரத்தக்கட்டோ, ரத்தப் புரதம் படிந்து உருவாகும் ஃபைப்ரின் உறையோ அடைத்து ஓட்டம் நின்றுவிட்டால் செலவாக வழியில்லை. அப்போது இன்ஜெக்டர் தள்ளும் அழுத்தம் முழுவதும் கிண்ணத்தின் மேலும், தண்டோடு கதீட்டர் சேரும் இடத்தின் மேலும், கதீட்டர் சுவரின் மேலும் விழுகிறது. இன்ஜெக்டரில் வரம்பு வைத்திருக்கிறோம், அது பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பது இதனால்தான் தவறு. அடைத்த போர்ட்டை இன்ஜெக்டரின் வரம்பு காப்பாற்றாமல் போகலாம் என்று பவர் வகைப் போர்ட்டின் கையேடுகளே எச்சரிக்கின்றன. அடைப்பு இல்லை என்பதை இன்ஜெக்டரை இணைக்கும் முன் கையால் உறுதிசெய்ய வேண்டும்.

சிறிய சிரிஞ்சைப் போர்ட்டில் பயன்படுத்தக் கூடாது என்பதற்கும் காரணம் இதே கணக்குதான். ஐந்து கிலோ எடைக்குச் சமமான விசையைக் கட்டைவிரலால் கொடுத்தால், 10 மி.லி. சிரிஞ்சில் உருவாவது சுமார் 43 பி.எஸ்.ஐ. அதே விசையில் 3 மி.லி. சிரிஞ்சில் 120ஐ நெருங்குகிறது. பிஸ்டனின் பரப்பு சிறுத்தால் அழுத்தம் ஏறும். அடைத்திருக்கும் போர்ட்டைச் சின்ன சிரிஞ்சால் தள்ளித் திறந்துவிடலாம் என்று முயல்பவர், பவர் இன்ஜெக்டர் இல்லாமலே கதீட்டரைக் கிழிக்க முடியும்.

கான்ட்ராஸ்ட்டின் பிசுபிசுப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மி.லி.க்கு 350 மி.கி. அயோடின் உள்ள ஐயோஹெக்ஸால் என்ற கான்ட்ராஸ்ட்டின் பிசுபிசுப்பு 20 டிகிரியில் 20.4 சென்டிபாய்ஸ், 37 டிகிரியில் 10.4. அந்த 20 டிகிரியில் தண்ணீர் ஏறக்குறைய 1. கை வழியாகச் செலுத்தும்போது குளிர்ந்த கான்ட்ராஸ்ட்டை எப்படியோ சமாளித்துவிடலாம். போர்ட்டில், அதுவும் மெல்லிய ஊசி வழியாக, கான்ட்ராஸ்ட்டை உடல் வெப்பத்துக்குச் சூடாக்கி வைத்திருப்பது அழுத்தத்தைப் பாதியாகக் குறைக்கும் வேலை. வார்மர் பழுதான அன்று, அதிக வேகத்தில் போர்ட் வழியாகச் செலுத்துவதைத் தவிர்க்கும் அளவுக்கு இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் கருத்து.

இனி, போர்ட்டை அடையாளம் காண்பது. பவர் வகைதான் என்று முடிவுகட்ட, ஒன்றையொன்று சாராத இரண்டு சான்றுகளாவது வேண்டும். நோயாளியிடம் கொடுத்த அட்டை, சாவிக்கொத்து, கைப்பட்டை எல்லாம் ஒரு சான்று. அவை வேறொருவருடையதாகவோ, எடுத்துவிட்ட பழைய போர்ட்டினுடையதாகவோ இருக்கலாம். பொருத்திய அன்றைய அறுவைக் குறிப்பில் ஒட்டப்பட்ட ஸ்டிக்கர் மிக உறுதியான சான்று. அது அந்த மருத்துவமனைக் கோப்பில் உறங்கிக்கொண்டிருக்கும் என்பதுதான் துயரம். தொட்டுப் பார்ப்பது இன்னொன்று. சில பவர் போர்ட்டுகள் முக்கோண வடிவில், சிலிகோன் மூடியின் மேல் மூன்று சிறு புடைப்புகளோடு இருக்கும். ஆனால் வடிவமும் புடைப்பும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். உடல் பருத்தவரிடமும், தழும்பு கனத்த இடத்திலும் விரலுக்கு எதுவும் தெரியாது. தொடுவதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

ஸ்கேன் அறைக்கே உரிய சான்று ஒன்று உண்டு. அது போதிய அளவு பயன்படுத்தப்படுவதில்லை. பவர் போர்ட்டுகள் பலவற்றின் அடிப்பகுதியில் சி.டி. என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் எக்ஸ்ரேயில் தெரியும்படி பொறிக்கப்பட்டிருக்கும். கான்ட்ராஸ்ட் செலுத்துமுன் எப்படியும் ஸ்கவுட் என்ற முன்னோட்டப் படம் எடுக்கிறோம். வயிறு மட்டும் எடுக்க வேண்டிய ஸ்கேனாக இருந்தாலும், போர்ட் வழியாகச் செலுத்தப் போகிறோம் என்றால் ஸ்கவுட்டைக் கழுத்தின் கீழ்ப்பகுதியிலிருந்து தொடங்குங்கள். படத்தைப் பெரிதாக்கி நான்கைப் பாருங்கள். எழுத்துகள் இருக்கின்றனவா? நேராக இருக்கின்றனவா, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலமாக மாறியிருக்கின்றனவா? மாறியிருந்தால் போர்ட் தோலுக்கடியில் கவிழ்ந்திருக்கிறது. ஊசி குத்தினால் கெட்டியான அடிப்பக்கத்தில்தான் மோதும். கதீட்டர் எங்கும் மடிந்தோ, நசுங்கியோ, தண்டிலிருந்து விலகியோ இருக்கிறதா? அதன் முனை மேற்பெருஞ்சிரையின் கீழ்ப்பகுதியில் இருக்கிறதா, கழுத்துப் பக்கம் திரும்பியிருக்கிறதா? எழுத்துகள் தெரியவில்லை என்றால், வேறு உறுதியான சான்று கிடைக்கும்வரை அதைப் பவர் வகையல்லாததாகவே கருதுங்கள். நோயாளியின் பழைய ஸ்கேன் உங்கள் கணினியில் இருந்தால், அவர் அறைக்குள் வருமுன்பே பழைய ஸ்கவுட்டில் போர்ட்டின் வகையைத் தெரிந்துகொண்டுவிடலாம். அதே போர்ட்டாக இருந்தால் வகை மாறாது. ஆனால் கதீட்டர் முனையின் இடம் மாறலாம், ஆகவே அதை மட்டும் அன்றைய படத்தில்தான் பார்க்க வேண்டும்.

ஊசி. போர்ட்டுக்கு ஹியூபர் ஊசி மட்டுமே. முனை சற்று வளைந்து, துளை பக்கவாட்டில் திறந்திருப்பதால் அது சிலிகோனைக் கீறிப் பிரிக்கிறது. சாதாரண ஊசியோ துண்டு துண்டாக வெட்டி எடுத்து மூடியைப் பாழாக்கும். எல்லா ஹியூபர் ஊசியும் விசை தாங்குவதல்ல என்பதுதான் இங்கே முக்கியம். பவர் போர்ட்டில் பவர் வகையல்லாத ஊசியைச் செருகினால், குழாய் இணைப்பு பிய்ந்துகொண்டு போகலாம். விசை தாங்கும் ஊசித் தொகுப்புகளின் கிளாம்ப்பிலோ குழாயிலோ அதிகபட்ச வேகமும் அழுத்தமும் அச்சிடப்பட்டிருக்கும். அதைப் படித்து, போர்ட்டின் வரம்போடு ஒப்பிட்டு, இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் போகாமல் இன்ஜெக்டரை அமைக்க வேண்டும். நடைமுறையில் அதிகம் காணும் அளவுகள் இவை (கேஜ் எண் கூடக்கூட ஊசி மெல்லியது): 19 அல்லது 20 கேஜ் ஊசியில் வினாடிக்கு 5 மி.லி. வரை, 22 கேஜ் ஊசியில் 2 மி.லி. வரை, அழுத்தம் 300 பி.எஸ்.ஐ.க்குள். சில இன்ஜெக்டர்கள் 325 வரை போகும். இயல்பாக வைத்திருக்கும் எண்ணை அப்படியே விட்டுவிடாமல் மாற்றிக்கொள்ளுங்கள். இரட்டை அறைப் போர்ட் என்றால் எந்த அறைக்கு எவ்வளவு என்பதை அதன் கையேட்டில்தான் பார்க்க வேண்டும், ஊகிக்கக் கூடாது.

கேஜ் அளவுக்குக் காட்டும் கவனத்தில் பாதியைக்கூட ஊசியின் நீளத்துக்கு யாரும் காட்டுவதில்லை. முக்கால் அங்குலம், ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் என்று கிடைக்கிறது. ஊசி முனை கிண்ணத்தின் அடித்தளத்தைத் தொட வேண்டும். ஊசியின் இறக்கைகள் தோலோடு படிய வேண்டும். இரண்டும் ஒருசேர நடக்கும் நீளமே சரியான நீளம். குட்டையான ஊசியின் துளை சிலிகோன் மூடிக்குள்ளேயே நின்றுவிடும். மெதுவாகச் சலைன் போகும்போது தெரியாது, இன்ஜெக்டர் தள்ளும்போது கான்ட்ராஸ்ட் முழுவதும் தோலுக்கடியில் தேங்கும். நீளமான ஊசி மேலே தூக்கிக்கொண்டு நிற்கும், நோயாளி கையைத் தூக்கும்போது ஆடி வெளியே வரும். கீமோ வார்டுகளுக்கு ஒரு வேண்டுகோள்: அதே நாளில் ஸ்கேன் இருக்கிறது என்று தெரிந்தால், காலையில் போடும் ஊசியையே விசை தாங்கும் 20 கேஜ் ஊசியாகப் போட்டு அனுப்புங்கள். இல்லையென்றால் ஸ்கேன் அறையில் அதை எடுத்துவிட்டு மறுபடி குத்த வேண்டியிருக்கும்.

குத்தும் முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்பதால் சுருக்கமாக. முகக்கவசம், கிருமிநீக்கிய கையுறை. 70 சதவீத ஆல்கஹாலில் 2 சதவீதக் குளோர்ஹெக்ஸிடின், குறைந்தது 30 வினாடி தேய்த்து, முழுவதும் உலரும்வரை காத்திருக்க வேண்டும். ஊதி உலர்த்தக் கூடாது. ஊசித் தொகுப்பில் சலைனை நிரப்பிக் காற்றை வெளியேற்றிவிட்டு, போர்ட்டை மூன்று விரல்களுக்கு நடுவே அசையாமல் பிடித்து, செங்குத்தாக, அடித்தளம் தட்டுப்படும்வரை.

குத்திய பின் செய்யும் சோதனைதான் இந்த மடலின் உயிர். ரத்தம் தாராளமாகத் திரும்பி வர வேண்டும். பிறகு 10 மி.லி. சலைனை, 10 மி.லி. சிரிஞ்சால், சற்று வேகமாகவே செலுத்த வேண்டும். கைக்குத் தடை தெரியக் கூடாது, நோயாளிக்கு வலியோ எரிச்சலோ இருக்கக் கூடாது, போர்ட்டைச் சுற்றி வீக்கம் தோன்றக் கூடாது. இவ்வளவையும் படுக்கையில் ஒருமுறை பார்த்துவிட்டுப் போதும் என்று விடாதீர்கள். மேசையில், ஸ்கேனுக்கு எப்படிப் படுப்பாரோ அப்படிப் படுக்க வைத்து, கைகளைத் தலைக்கு மேல் தூக்கிய நிலையில் மறுபடி பாருங்கள்.

சலைன் போகிறது, ரத்தம் வரவில்லை. ஸ்கேன் அறையில் வாக்குவாதம் எழும் இடம் இது. "உள்ளேதான் போகிறதே" என்பார்கள். ஃபைப்ரின் உறை கதீட்டரின் முனையை ஒருவழிக் கதவுபோல மூடியிருக்கும்போதும் உள்ளே போகும், இழுத்தால் வராது. விசையோடு செலுத்தினால் கான்ட்ராஸ்ட் அந்த உறைக்கும் கதீட்டருக்கும் நடுவே பின்னோக்கி ஓடி, சிரைக்குள் நுழைந்த இடத்தில் கழுத்துத் திசுவில் கசியலாம். முனை கழுத்துச் சிரைக்குள் திரும்பியிருந்தாலும் இதே அறிகுறி வரலாம்; சலைன் செலுத்தும்போது காதுக்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கிறது என்று நோயாளி சொன்னால், அதை அலட்சியம் செய்யாமல் முனை எங்கே இருக்கிறதென்று உடனே பாருங்கள். இருமச் சொல்லலாம், மூச்சை ஆழ இழுக்கச் சொல்லலாம், பக்கவாட்டில் திரும்பச் சொல்லலாம். அதற்கும் ரத்தம் வரவில்லை என்றால் அன்று அந்தப் போர்ட்டில் விசையோடு செலுத்துவது இல்லை. ரத்தக்கட்டைக் கரைக்கும் அல்டிப்ளேஸ் மருந்தை 2 மி.கி. எடுத்து 2 மி.லி.யில் கலந்து கதீட்டருக்குள் நிறுத்திவைத்து, 30 நிமிடத்திலும், தேவையென்றால் 120 நிமிடத்திலும் இழுத்துப் பார்ப்பது கீமோ பிரிவின் வேலை. அதை ஸ்கேன் மேசையில் அவசரமாகச் செய்ய வேண்டாம்.

அதைவிடவும் ஆபத்தான இன்னோர் அறிகுறி உண்டு. கை தாழ்ந்திருக்கும்போது அடைத்துக்கொண்டு, கையை உயர்த்தினால் மட்டும் தடையின்றி ஓடும் போர்ட். ஸ்கேனில் கையை உயர்த்தித்தானே படுக்கப் போகிறார் என்று இதை ஏற்றுக்கொள்ளத் தோன்றும். கூடாது. காறை எலும்புக்குக் கீழுள்ள சிரை வழியாகப் போட்ட கதீட்டர், காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே சிக்கி நசுங்குவதன் அடையாளம் அது. கையை ஆட்டும் ஒவ்வொரு முறையும் கத்தரியின் நடுவே மாட்டியதுபோல் அந்த இடம் நைந்துகொண்டே வந்திருக்கும். கையை உயர்த்தினால் வழி திறக்கிறது என்பது மெய். நைந்த சுவர் உறுதியாகிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. அங்கே துண்டித்தால் கதீட்டரின் கீழ்ப்பகுதி இதயத்துக்குள்ளோ நுரையீரல் தமனிக்குள்ளோ போய்விடும். தொடைச் சிரை வழியாகக் கண்ணிக் கதீட்டரை அனுப்பிப் பிடித்து எடுக்க வேண்டியிருக்கும். இந்த அறிகுறி தெரிந்தால் கைகளைத் தாழ்த்தி, நின்ற நிலையில் மார்பு எக்ஸ்ரே எடுத்து, பொருத்திய மருத்துவரிடம் அனுப்புங்கள்.

எல்லாம் சரியென்றால், கான்ட்ராஸ்ட்டுக்கு முன் அதே வேகத்தில் 20 மி.லி. சலைனை இன்ஜெக்டரிலேயே ஓட்டிப் பாருங்கள். ஒருவர் போர்ட்டின் அருகே நிற்க, இன்னொருவர் அழுத்தக் கோட்டைக் கவனிக்க வேண்டும். கோடு ஏறிச் சமநிலைக்கு வந்து நிற்பது இயல்பு. ஏறிக்கொண்டே போனால் நிறுத்துங்கள். திடீரென்று சரிந்தாலும் நிறுத்துங்கள். ஏதோ ஒன்று திறந்துகொண்டது அல்லது கழன்றுவிட்டது என்பதன் அடையாளம் அது.

இனி நாங்கள் வலியுறுத்த விரும்பும் ஒன்று: எல்லா ஸ்கேனுக்கும் வினாடிக்கு 5 மி.லி. தேவையில்லை. புற்றுநோய்த் தொடர்கண்காணிப்பு ஸ்கேன்களில் பெரும்பாலானவை போர்ட்டல் சிரைக் கட்டத்தில் (கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் சிரையில் கான்ட்ராஸ்ட் நிறையும் நேரம்), செலுத்தத் தொடங்கிச் சுமார் 70ஆம் வினாடியில் எடுக்கப்படுபவை. அந்தக் கட்டத்தில் கல்லீரல் எவ்வளவு ஒளிரும் என்பதை நிர்ணயிப்பது பெரும்பாலும் மொத்த அயோடின் அளவு, வேகம் அல்ல. எடைக் கிலோவுக்கு 520 முதல் 600 மி.கி. அயோடின் என்று வைத்தால், 60 கிலோ எடையுள்ளவருக்கு 350 அடர்த்தியில் 90 முதல் 100 மி.லி. வினாடிக்கு 2 மி.லி. வேகத்தில் 50 வினாடிக்குள் உள்ளே போய்விடும். 70ஆம் வினாடிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. 22 கேஜ் ஊசியே போதும். நுரையீரல் தமனியில் ரத்தக்கட்டு தேடும்போதும், கல்லீரல், கணையக் கட்டிகளைத் தமனிக் கட்டத்தில் பார்க்கும்போதும் 4, 5 மி.லி. வேண்டும்தான். ஆனால் எல்லோருக்கும் ஒரே வேகம் என்று எழுதி வைத்திருக்கும் நெறிமுறையால், 2 மி.லி.யில் முடியக்கூடிய ஸ்கேனுக்காகப் போர்ட்டும் கையும் தேவையில்லாத விசையைத் தாங்குகின்றன. நெறிமுறையில் ஒவ்வொரு வகை ஸ்கேனுக்கும் எதிரே 'குறைந்தபட்சம் போதுமான வேகம்' என்று ஓர் எண்ணை எழுதுங்கள்.

நேரக் கணக்கும் மாறும். கையில் செலுத்தியது மேற்பெருஞ்சிரையை அடையச் சில வினாடிகள் ஆகும். போர்ட் வழியாகச் செலுத்தியது தொடங்கும்போதே அங்கே இருக்கிறது. கைக்கென்று வைத்த காத்திருப்பு நேரத்தைப் போர்ட்டுக்கும் அப்படியே வைத்தால், தமனிக் கட்டம் தவறிப்போகும். கான்ட்ராஸ்ட் வந்து சேர்வதைப் பார்த்தே ஸ்கேனைத் தொடங்கும் போலஸ் டிராக்கிங் முறையைப் பயன்படுத்துங்கள். பின்னாலேயே 30 முதல் 40 மி.லி. சலைனை அதே வேகத்தில் அனுப்பினால், மேற்பெருஞ்சிரையில் தேங்கிய அடர்ந்த கான்ட்ராஸ்ட் உண்டாக்கும் கோடுகள் குறையும். போர்ட்டின் கிண்ணமும் கழுவப்படும்.

கசிந்தால்: உடனே நிறுத்தி, ஊசியை எடுக்காமல் அதன் வழியே இழுக்க முடிந்ததை இழுத்துவிட்டு, எவ்வளவு போயிருக்கும் என்று குறித்து, மருத்துவரை அழையுங்கள். வலி கூடிக்கொண்டே போதல், தோல் நிறம் மாறுதல், கொப்புளம், உணர்வு குறைதல் ஆகியவற்றில் எது வந்தாலும் அறுவை மருத்துவர் பார்க்க வேண்டும். எத்தனை மி.லி. கசிந்தது என்பதைவிட இந்த அறிகுறிகளே முக்கியம். அந்தப் போர்ட்டை, ஏன் கசிந்தது என்று படமெடுத்துப் பார்க்கும்வரை கீமோவுக்கும் பயன்படுத்தக் கூடாது. திசுவில் கசிந்த கான்ட்ராஸ்ட் பெரும்பாலும் வடிந்துவிடும், திசுவை அழிக்கும் கீமோ மருந்து அப்படியல்ல. ஆகவே கசிவு நடந்ததைக் கீமோ பிரிவுக்கு அன்றே எழுத்தில் தெரிவிப்பது ஸ்கேன் அறையின் கடமை.

முடிந்த பின் 20 மி.லி. சலைனை விட்டுவிட்டுத் தள்ளும் முறையில் செலுத்தி, உங்கள் நெறிமுறைப்படி, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரினாலோ சலைனாலோ நிரப்பிப் பூட்டி, கடைசி மி.லி. போய்க்கொண்டிருக்கும்போதே கிளாம்ப்பை மூடி ஊசியை எடுக்க வேண்டும். மி.லி.க்கு 100 யூனிட் ஹெபாரின் 5 மி.லி. என்பது பரவலான வழக்கம். ஹெபாரினால் தட்டணுக் குறைவு வந்தவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கான்ட்ராஸ்ட்டைக் கழுவாமல் விட்ட போர்ட், அடுத்த கீமோவுக்கு வரும்போது அடைத்திருப்பதைக் கீமோ செவிலியர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பவர் வகையல்லாத போர்ட் என்று தெரிந்தால், இன்ஜெக்டர் இல்லை; வரம்பு 25 பி.எஸ்.ஐ. ஆக இருக்கும்போது வேகத்தைக் குறைத்தால் சரியாகிவிடும் என்ற சமாதானமும் இல்லை. அல்ட்ராசவுண்ட் துணையோடு முழங்கைக்கு மேலுள்ள ஆழமான சிரையில் நீளமான கேனுலா போடத் தெரிந்த ஒருவர் துறையில் இருந்தால் இந்தச் சிக்கலில் பெரும்பாதி தீரும். எளிதில் தெரியும் கைச் சிரை இருக்கும்போது போர்ட்டைத் திறக்காமல் இருப்பதே நல்லது என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். திறக்கும் ஒவ்வொரு முறையும் தொற்றுக்கு ஒரு வாய்ப்பு. ஆனால் இரண்டு முயற்சிக்கு மேல் கையில் தேடக் கூடாது. மூன்றாவது குத்தல் பவர் போர்ட்டில் இருக்கட்டும்.

எம்.ஆர்.ஐ.யில் கான்ட்ராஸ்ட்டாகச் செலுத்தும் கடோலினியத்தின் அளவு சிறியது, கிலோவுக்கு 0.2 மி.லி. என்ற வழக்கமான செறிவில் 60 கிலோவுக்கு 12 மி.லி.தான், பவர் வகையல்லாத போர்ட்டிலும் கையேடு அனுமதித்தால் 10 மி.லி. அல்லது பெரிய சிரிஞ்சால் கையாலேயே மெதுவாகச் செலுத்திவிடலாம். ஊசித் தொகுப்பு எம்.ஆர்.ஐ. அறைக்கு ஏற்றதா என்று உறையில் பாருங்கள். பெட் ஸ்கேனுக்கான கதிரியக்கச் சர்க்கரையை மட்டும் முடிந்தவரை போர்ட்டில் கொடுக்க வேண்டாம்: கிண்ணத்தில் தங்கும் சிறு துளியும் மார்பில் பொய்யான ஒளிப்புள்ளியாகத் தெரியும்.

கடைசியாக, ஒவ்வொருவரிடமும் கேட்பவை. போர்ட் பொருத்தும் மருத்துவர்களே, டிஸ்சார்ஜ் குறிப்பில் "கீமோ போர்ட் பொருத்தப்பட்டது" என்று ஒற்றை வரியில் முடிக்காதீர்கள். பெட்டியில் வரும் ஸ்டிக்கர்களில் ஒன்று கோப்பில், ஒன்று நோயாளியின் கையேட்டில், ஒன்று டிஸ்சார்ஜ் தாளில் ஒட்டப்பட வேண்டும். கீமோ காலம் முழுவதும் பல சி.டி. எடுக்கப்போகும் ஒருவருக்குப் பவர் வகையைத் தேர்ந்தெடுப்பதையும், முடிந்தவரை கழுத்துச் சிரை வழியாகப் போடுவதையும் இயல்பான தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். துறைத் தலைவர்களே, விசை தாங்கும் ஹியூபர் ஊசிகளை 20, 22 கேஜில், குறைந்தது இரண்டு நீளங்களில், ஸ்கேன் அறையிலேயே வையுங்கள். இரவுப் பணியிலும் போர்ட் குத்தத் தெரிந்த செவிலியர் ஒருவராவது இருக்கும்படி பயிற்சி கொடுங்கள். ஊசியும் ஆளும் இல்லாத இடத்தில் எழுதி வைத்த நெறிமுறை, "போர்ட்டைத் தொட மாட்டோம்" என்ற பழைய பதிலுக்கே திரும்பும்.

ஸ்கேனுக்கு அனுப்பும் கோரிக்கைத் தாளில் பின்வரும் விவரங்களுக்கு இடம் ஒதுக்கச் சொல்கிறோம். கீமோ பிரிவு நிரப்ப வேண்டியவை இவை. போர்ட் உண்டா, எந்தப் பக்கம். எந்தச் சிரை வழியாக. பொருத்திய தேதி. நிறுவனம், மாடல் எண். பவர் வகையா, அதிகபட்ச வேகம் எவ்வளவு. கடைசியாக ரத்தம் தடையின்றித் திரும்பிய தேதி, அப்போது கை தாழ்ந்திருந்ததா, உயர்ந்திருந்ததா.

இப்படிக்கு,
ஸ்கேன் அறைகளிலும் கீமோ வார்டுகளிலும் போர்ட்டைக் கையாளும் செவிலியர்களும் ரேடியோகிராபர்களும்